வீட்டுக்குள் மூன்று ஆண்டுகள்: ஒரு சுழல் கேமராவும் எங்கள் பொட்டுவும்

வீட்டுக்குள் வைக்கும் சுழல் கேமரா ஒன்றை 2022ஆம் ஆண்டு ஆடித் தள்ளுபடியில் ஏறத்தாழ 2,700 ரூபாய்க்கு வாங்கினோம். நானும் கணவரும் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு, தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த எங்கள் நாட்டு நாய் பொட்டு பகல் முழுவதும் என்ன செய்கிறது என்று பார்ப்பதே நோக்கமாக இருந்தது. கேமரா வைத்த அதே கூடத்தில்தான் எழுபது வயதைத் தாண்டிய என் மாமனாரும் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பார் என்பதை அப்போது எங்களில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். எங்கள் ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்ததால் முதல் நாள் மாலை முழுவதும் இணைய மறுத்தது, 2.4க்குத் தனிப் பெயர் வைத்ததும் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மின்சாரம் போய் வந்தால் தானாகவே மீண்டும் இணைந்துகொள்கிறது. 64 ஜிபி மெமரி கார்டில் நான்கைந்து நாள் பதிவுகள் தங்கும், பிறகு பழையவற்றின் மேலேயே புதியவை எழுதப்படும். இப்படி இடைவிடாமல் எழுதி அழிப்பதைச் சாதாரண கார்டு தாங்காது என்பது, நாங்கள் போட்டது பதினான்கே மாதத்தில் செத்துப்போனபோது விளங்கியது. கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் கார்டு இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதச் சந்தா கட்டி இணையத்தில் சேமிக்கும் வசதியை நாங்கள் வாங்கவில்லை, தேவையும் படவில்லை.

விளம்பரத்தில் பெரிதாகக் காட்டிய வசதி, அலுவலகத்திலிருந்தபடியே நாயுடன் பேசலாம் என்பது. நாய் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது, அதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். நான் "பொட்டு" என்று கூப்பிட்டதும் அது துள்ளி எழுந்து வாசல் கதவுக்கு ஓடியது, குளியலறையை எட்டிப் பார்த்தது, கட்டிலுக்கடியில் மோந்து பார்த்தது. குரல் இருந்தும் ஆளின் வாசனை எங்குமே இல்லாமல் போகவே, கதவடியில் படுத்து அரை மணி நேரம் ஊளையிட்டது. பக்கத்து வீட்டு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. அதன் பிறகு அந்தப் பொத்தானை நான் தொடவில்லை.

உண்மையில் உதவியது வேறொன்று. இரண்டாம் ஆண்டில் பொட்டு அவ்வப்போது கழுத்தை நீட்டி, மூச்சு அடைத்தது போல வேகமாக உள்ளிழுத்து உறுமத் தொடங்கியது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகி வாலாட்டி நிற்கும். நாங்கள் வாயால் விவரித்ததோ மருத்துவருக்குப் பிடிபடவில்லை. கேமராவில் பதிவாகியிருந்த நாற்பது விநாடிக் காட்சியைக் காட்டியதும், இது காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்கும் ஒருவகைத் தும்மல், பெரும்பாலும் தானே அடங்கிவிடும், அடிக்கடி வந்தால் மட்டும் அழைத்து வாருங்கள் என்றார். கொடுத்த 2,700 ரூபாயும் அன்றைக்கே கழிந்துவிட்டது என்பேன்.

இனி மாமாவின் கதை. காலை பதினொரு மணிக்குத் தனக்கு வைத்த இட்லியில் பாதியைப் பிய்த்துப் பொட்டுவுக்குக் கொடுத்துக்கொண்டே, மறைந்த என் மாமியாரைப் பற்றி அதனிடம் பேசுவது அவர் வழக்கம் என்பதைக் கேமராதான் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. பார்த்த எனக்குத் தொண்டை அடைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்தக் காட்சியைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். இதயக் குறிகள் வரிசையாக வந்தன. உறவுக்காரப் பையன் ஒருவன் அதற்குச் சோகப் பாட்டு ஒன்றைச் சேர்த்து இன்ஸ்டாகிராமில் ரீலாக ஏற்றிவிட்டான். மூன்றாம் நாள் பூங்காவில் உடன் நடக்கும் நண்பர் ஒருவர் தன் கைப்பேசியை நீட்டி, "இது நீங்கதானே சார்?" என்று கேட்டபோதுதான் மாமாவுக்கே விஷயம் தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "கேட்டிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கேமராவின் மேல் போட்டார். பையனிடம் சொல்லி ரீலை எடுக்க வைத்தோம், நானும் குழுவிலிருந்து நீக்கினேன். ஆனால் அதற்குள் எத்தனை பேர் தங்கள் கைப்பேசியில் சேமித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு ஏது? துண்டு ஏழு வாரம் அப்படியே கிடந்தது. உண்ணக் கொடுப்பதும் பேசுவதும் இடத்தை மாற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டன என்பதை, பின்வாசல் படியில் கிடந்த இட்லித் துணுக்குகளைப் பார்த்து ஊகித்தேன்.

பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மாமா வீட்டில் இருக்கும் வரை கேமரா லென்ஸை உள்ளே திருப்பிக்கொண்டு உறங்கும்; அவர் வெளியே போகும்போது தானே தன் கைப்பேசியிலிருந்து இயக்குவார். செயலியின் கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு அடையாளத்தையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டோம். முன்பு மகள், என் தம்பி உட்பட ஐந்து பேர் கைப்பேசியில் அந்தச் செயலி திறந்தே கிடந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இயக்கமும் நிறுத்தமும் இரண்டே தொடுதலில் முடிவதால் மாமாவுக்குச் சிரமமில்லை. ஆனால் செயலியில் தமிழ் இல்லாததால் பொத்தானின் இடத்தை அடையாளம் வைத்துத்தான் அழுத்துகிறார், புதுப்பிப்பு வந்து இடம் மாறும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுகிறார்.

சென்ற தீபாவளிக்கு நாங்கள் எல்லோரும் ஒரு மணி நேரம் வெளியே போக நேர்ந்தது. வெடிச் சத்தத்தில் பொட்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நடுங்குவதை முதலில் பார்த்தவர் மாமாதான். எங்களுக்கு முன்பே ஆட்டோ பிடித்து வீடு திரும்பியிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது பொட்டு அவர் மடியில் தலை வைத்துக் கிடந்தது, கேமரா அணைக்கப்பட்டிருந்தது.