எக்ஸிட் போல்: சீட்டுக் கணக்கை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்

கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்த மாலையில் டிவியில் வந்து விழும் எண்களுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. அதனாலேயே யாரும் இதை ஒரு சரக்காக நினைத்துத் தரம் பார்ப்பதில்லை. விலை இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை மக்களவைத் தேர்தலின் எக்ஸிட் போல்கள், அதாவது வாக்களித்தவர்களைக் கேட்டுப் போட்ட கணிப்புகள், வந்தன. திங்கட்கிழமை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளி ஏறியது. செவ்வாய்க்கிழமை பெட்டியைத் திறந்ததும் ஏறக்குறைய 4,400 புள்ளி சரிந்தது. திங்கட்கிழமை பங்கு வாங்கியவரிடம் கேட்டால் இந்தச் சரக்கு எவ்வளவு என்று சொல்வார்.

அன்று தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு ஆக்சிஸ் மை இந்தியா என்ற கணிப்பு நிறுவனம் கொடுத்தது 361 முதல் 401 இடம். டுடேஸ் சாணக்யா 400, கூடக் குறைய 15. சி-வோட்டர் 353 முதல் 383. கிடைத்தது 293. சி-வோட்டரின் கீழ் எல்லையே நிஜத்தைவிட 60 இடம் அதிகம். இருபது ஆண்டுகளுக்கு முன், 2004-லும் இதே கூட்டணிக்குப் பெரும்பாலான கணிப்புகள் 230-க்கு மேல் கொடுத்தன. வந்தது 190-க்கும் கீழே.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு இந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதில் இரண்டு வேலைகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, மக்களைக் கேட்டு வாக்குச் சதவீதத்தைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது, அந்தச் சதவீதத்தை இடங்களாக மாற்றுவது. முதலாவது கணக்கெடுப்பு, இரண்டாவது அனுமானம். திரையில் பெரிய எழுத்தில் ஓடுவது எப்போதும் இரண்டாவதுதான்.

அந்த மாற்றம் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு பா.ஜ.க.வின் கணக்கே போதும். 2019-ல் 37.4 சதவீதம், 303 இடம். 2024-ல் 36.6 சதவீதம், 240 இடம். ஒரு சதவீதப் புள்ளிகூடக் குறையவில்லை, 63 இடம் போய்விட்டது. அதே ஆண்டு ஹரியானாவில் பா.ஜ.க.வுக்கும் காங்கிரஸுக்கும் வாக்கில் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். இடங்களில் 48-க்கு 37. கணிப்புகள் ஏறக்குறைய எல்லாமே காங்கிரஸ் என்றன. தமிழ்நாட்டில் 2016-ம் இதே கதைதான்: இரண்டு பெரிய அணிகளுக்கும் இடையே சுமார் ஒரு சதவீதப் புள்ளி. ஆக்சிஸ் தி.மு.க. அணிக்கு 124 முதல் 140 வரை கொடுத்தது, அ.தி.மு.க. 134 இடங்களில் வென்று ஆட்சியைத் தக்கவைத்தது. இப்படி ஒரு புள்ளியில் நிற்கும் தேர்தலில், ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை வரம்பு, அதாவது எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் எண் தவறக்கூடிய அளவு, மட்டுமே கூடக் குறைய 3 புள்ளி. நாலாயிரம் பேரைக் கேட்டாலும் 1.5. மாதிரியை நாலு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும்; செலவும் நாலு மடங்கு.

சதவீதத்தை இடமாக்கும் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? வழக்கமான முறையில், போன தேர்தலின் தொகுதிவாரி முடிவை அடியில் வைத்து, இப்போது கணக்கெடுப்பில் தெரியும் ஏற்ற இறக்கத்தை ஒவ்வொரு தொகுதியிலும் சமமாகக் கூட்டிக் கழிப்பார்கள். குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதிகள் கவிழும். கூட்டணி மாறாத ஊருக்கு இது ஓரளவு சரி. தமிழ்நாட்டில் 2019-ல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஒரே அணி, 2024-ல் தனித்தனி. அடித்தளமாக வைத்த எண்ணில் யாருடைய வாக்கு எவ்வளவு என்று பிரிப்பதே யூகம். அந்த யூகத்தின் மேல் கட்டிய கணிப்புகள் பல பா.ஜ.க. அணிக்குத் தமிழ்நாட்டில் இடம் கொடுத்தன. பா.ஜ.க.வுக்குச் சுமார் 11 சதவீத வாக்கு வரத்தான் செய்தது. இடம் பூஜ்யம், 39-ம் தி.மு.க. அணிக்கு.

இனி முதல் வேலை, அதாவது ஆட்களைக் கேட்பது. "ஐந்து லட்சம் பேரைக் கேட்டோம்" என்று விளம்பரம் வந்தால் மயங்க வேண்டாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எதிர்க்கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகள் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பெருமந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். தவிர, ஆட்சி மேல் கோபமாக இருந்தவர்களே மெனக்கெட்டு சீட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்ற கணிப்பாளர் வெறும் 50,000 பேரளவில் கேட்டு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த பானைக்குத்தான்.

அந்தக் காலப்பே 1948-ல் சறுக்கினார். தேர்தலுக்குச் சில வாரம் முன்பே கேட்பதை நிறுத்தினார். அந்தத் தேர்தலில் ஜெயித்த ட்ரூமன் கடைசி நாட்களில் ஏறி வந்தது தெரியவில்லை. இன்னொரு கோளாறு ஒதுக்கீட்டு முறை: இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த வயது என்று எண்ணிக்கையை மட்டும் கொடுத்து, ஆளைத் தேர்வது களப் பணியாளரின் விருப்பம். டீக்கடை வாசலில் நிற்பவர் எளிதில் கிடைப்பார். ஊருக்கு வெளியே உள்ள காலனிக்குள் போவது சிரமம். இன்றைக்கும் நம்மூர்க் கணிப்பு கெடும் இடங்களில் இது முக்கியமானது.

இதற்கு மாற்று உண்டு. லோக்நிதி-சி.எஸ்.டி.எஸ். என்ற டெல்லி ஆய்வு நிறுவனம் வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களைத் தற்செயல் முறையில் எடுத்து வீடு தேடிப் போகிறது. யாருக்கு வாக்கு என்ற கேள்விக்கு வாயால் பதில் வாங்காமல், சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாது. வாக்குப்பதிவுக்குப் பின், எண்ணிக்கைக்கு முன் இதைச் செய்வதற்கும் காரணம் உண்டு: முடிவு தெரிந்த பிறகு கேட்டால், ஜெயித்த கட்சிக்கே போட்டதாகச் சொல்பவர்கள் கூடிவிடுவார்கள்.

இந்தச் சரக்கில் உண்மையில் உருப்படியானது வேறு பக்கத்தில் இருக்கிறது. 2024-ல் வாக்குப்பதிவு தொடங்கும் முன், இதே நிறுவனம் 19 மாநிலங்களில் சுமார் பத்தாயிரம் பேரைக் கேட்டது. முக்கியப் பிரச்சினை வேலையின்மை என்றவர்கள் 27 சதவீதம், விலைவாசி என்றவர்கள் 23 சதவீதம், ராமர் கோயில் என்றவர்கள் 8 சதவீதம். வேலை கிடைப்பது முன்னைவிடக் கடினம் என்றவர்கள் 62 சதவீதம். அந்தக் கணிப்பிலும் ஆளுங்கூட்டணிக்கு 12 புள்ளி முன்னிலை இருந்தது. அது நிஜத்தில் வெகுவாகச் சுருங்கியது. ஆனால் டிவி நிலையங்கள் எதைப் பேசின, ஜனங்கள் எதைப் பேசினார்கள் என்ற இடைவெளி இந்தப் பக்கத்தில்தான் முன்கூட்டியே தெரிந்தது.

பிரச்சினைக் கேள்விகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பட்டியலை வாசித்துக் காட்டினார்களா, பதில் சொல்பவரே சொல்லட்டும் என்று விட்டார்களா என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை அதே கேள்வியை முன்பு கேட்ட அதே நிறுவனத்தின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். அகில இந்திய மாதிரியிலிருந்து "மேற்கு மண்டலப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள்" என்று யாராவது பிரித்துக் காட்டினால் தள்ளிவிடலாம். பத்தாயிரத்தில் தமிழ்நாட்டின் பங்கே சில நூறு பேர். அதில் ஒரு மண்டலத்துப் பெண்கள் என்றால் விரல்விட்டு எண்ணலாம்.

எக்ஸிட் போலை முன்கூட்டி வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடை விதிக்கிறது. கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆக வேண்டும். அதனால் 2024-ல் ஏப்ரல் 19 அன்று வாக்களித்த தமிழ்நாட்டின் கணிப்பு 43 நாள் கழித்துத்தான் வந்தது. அத்தனை நாள் இருந்தும் களப்பணித் தேதி, மாநிலவாரி மாதிரி அளவு, நேரிலா தொலைபேசியிலா என்ற விவரங்களைப் பல சேனல்கள் திரையில் போடவில்லை. இவை மூன்றும் இல்லாத கணிப்புக்கு ஒரு நட்சத்திரம்கூட அதிகம்.

வரம்பு கொடுக்கும் கணிப்பில் பெரும்பான்மை எண் எங்கே விழுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 மேற்கு வங்கத்தில் ஆக்சிஸ் பா.ஜ.க.வுக்கு 134 முதல் 160, திரிணமூலுக்கு 130 முதல் 156 கொடுத்தது. பெரும்பான்மைக்குத் தேவை 148. இரண்டு வரம்புக்குள்ளும் அது அடங்கிவிடுகிறது. யார் ஜெயித்தாலும் "சொன்னோமே" என்று சொல்லிக்கொள்ளலாம். திரிணமூல் 213 எடுத்தது, பா.ஜ.க. 77.