கழுத்துச் சட்டம்: மரமா, பைப்பா?

கறக்கும்போது மாடு நகராதபடி அதன் கழுத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே பூட்டி நிறுத்துவதுதான் கழுத்துச் சட்டம். இரண்டு மாடு வைத்திருக்கிற வீட்டுக்கு அது அவசியமா என்றால், பெரும்பாலும் இல்லை. கன்றை முன்னால் விட்டு, தவிட்டை வைத்தால் அசையாமல் நிற்கிற மாட்டுக்கு ஒரு கயிறு போதும். தொல்லை தலையீற்று மாட்டோடுதான் வரும். மடியில் கை பட்டதும் கால் எழும்பும். காலைக் கட்டினால் மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். மடியைக் கழுவித் தடவியபின் சுரப்பு நிற்பது ஐந்தாறு நிமிடம்தான். அதற்குள் முன்னும் பின்னும் இழுக்காமல் நின்றால் கறந்துவிடலாம்.

எங்கள் கட்டுத்தறியில் ஜெர்சி கலப்புகளுக்கு மரச்சட்டம் போட்டோம். பக்கத்துத் தோட்டத்தில் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்.

பைப்பின் நன்மைகளை மறுக்க முடியாது. வெல்டிங் பட்டறையில் அளவு சொன்னால் செய்து கொடுத்துவிடுவார்கள். கரையான் பயமில்லை, சாணியைக் கழுவுவதும் சுலபம். கழிக்கும்போதும் பழைய இரும்புக்காரர் எடை போட்டுக் காசு தருவார். மரம் அடுப்புக்குத்தான் போகும். இத்தனைக்கும் நான் மரத்தின் பக்கம்தான். தரையை ஒட்டிய அந்த நாலு அங்குலம்தான் காரணம்.

மூத்திரம் பின்னால் வாய்க்காலுக்குப் போய்விடுகிறது, முன்பக்கம் என்ன ஆகும் என்று தோன்றும். தீனியும் தண்ணீரும் வைக்கிற காடியிலிருந்து மாடு தலையை ஆட்டிச் சிந்துகிற தண்ணீரில் உப்பும் தாது உப்புக் கலவையும் இருக்கின்றன. அது சட்டத்தின் காலடியில் தேங்கும். போதாததற்குக் கழுவும்போது பிளீச்சிங் பவுடர் வேறு. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு ஏற்கெனவே எரிந்துபோயிருக்கும். துரு அங்கேதான் பிடிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே பைப்பின் உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள்: மேலே கணீரென்கிற பைப், தரையருகே மொத்தென்று கேட்டால் கதை முடிந்தது. அப்புறம் தளத்தை உடைக்க வேண்டும், வெல்டிங் மிஷினைக் கட்டுத்தறிக்கே கொண்டுவர வேண்டும், தீப்பொறிக்கு மிரளுகிற மாடுகளை வெளியே கட்ட வேண்டும்.

பைப்புக்கும் அடியில் பிளேட் வைத்து போல்ட் போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் பிளேட்டையும் பைப்பையும் சேர்ப்பது மறுபடியும் வெல்டிங்தான். எல்லாம் ஒட்டியபிறகு சட்டத்தை முழுசாகத் துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் இந்தக் குறை தீரும். இரண்டு மாட்டுச் சட்டத்துக்கு யார் அதைச் சுமந்து போவது?

மரமும் அடியில் உளுத்துப்போகும், சந்தேகமில்லை. ஆனால் காலைத் தரைக்குள் புதைக்காமல், தளத்தில் பதித்த ஆங்கிளில் (எல் வடிவ இரும்பில்) ஓர் அங்குலம் உயர்த்தி போல்டில் நிறுத்தினால், உளுத்த காலை மட்டும் கழற்றி மாற்றலாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை. நன்றாகக் காய்ந்த வேம்போ கருவேலமோ, 4-க்கு 4 அங்குலக் கால். கழுத்துக் கட்டைகளின் விளிம்பை உருட்டி இழைக்க வேண்டும். ஒரு கட்டை அசையாது. இன்னொன்று அடியில் அரை அங்குல போல்டில் சாயும், மேலே முளைக்குச்சியில் பூட்டும். பூட்டியபின் இடைவெளி 7 அங்குலம். அந்த இடைவெளி கீழே வரை நேராக இறங்க வேண்டும், குறுக்குக் கட்டை தரையோடுதான் இருக்க வேண்டும். மாடு வழுக்கி விழுந்தால் கழுத்து தொங்காமல் கூடவே இறங்க வழி வேண்டுமே. குச்சியும் ஒரே இழுப்பில் வர வேண்டும்.

கழிவு ஆயிலை நாக்கு எட்டுகிற இடத்தில் பூசாதீர்கள், மாடு நக்கும். நாங்கள் வேப்பெண்ணெய் பூசுகிறோம்.

இன்னொன்று: மோட்டாரில் கரண்ட் கசிந்தால் இரும்புச் சட்டம் அதை மாட்டின் கழுத்துக்கே கொண்டுவந்துவிடும். கறவை மிஷின் ஓடுகிற இடத்தில் எர்த் கம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு மாட்டுக்கு மேல் என்றால் பைப்தான் சரிவரும் என்று நினைக்கிறேன். அத்தனை கட்டையை இழைத்து மாளாது. எருமைக்கு நான் சட்டம் போட்டதில்லை. காங்கேயம் பசுவுக்கு இரண்டுமே தோதுப்படாது. அந்தக் கொம்பு நுழைய வாய் அகலம் வைத்தால் சட்டமே வாசக்கால் அளவுக்கு வந்துவிடும். அதற்குக் கயிறே போதும்.