வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு ஸீஸீயா, அக்லோனிமாவா?

கோலாலம்பூரில் இருட்டு வீட்டுக்கு ஒரு செடி வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் ஸீஸீ பிளாண்ட்டைத்தான் காட்டுவார்கள். சீனர்கள் அதைக் காசு மரம் என்பதால் சீனப் புத்தாண்டு நேரத்தில் சிவப்பு நாடா கட்டி வாசலுக்கு வாசல் வைத்திருப்பார்கள். நல்ல செடிதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதையும், அகன்ற இலை விடுகிற அக்லோனிமா என்ற நிழல் செடியையும் வீட்டில் வைத்துப் பார்த்தபின் நான் அக்லோனிமா கட்சி. அதுவும் பச்சை அக்லோனிமா. சிவப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வீட்டுக்குள் ஏது இருட்டு என்று கேட்கலாம். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே. நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. சாய்ந்து வந்து சன்னல் வழியாக உள்ளே நுழைவதில்லை. கிழக்கு, மேற்குச் சன்னலென்றால் காலையிலோ மாலையிலோ கொஞ்சம் கிடைக்கும். மற்ற பக்கம் என்றால், மேலே பால்கனி நீட்டிக்கொண்டு, எதிரே அடுத்த புளோக்கின் சுவரும் நின்றால், அவ்வளவுதான். செந்தூலில் எங்கள் வரவேற்பறை அந்த ரகம். நடுப்பகலில் ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் கையை நீட்டிப் பாருங்கள். ஓரம் மங்கிய நிழலாவது விழுந்தால் இந்தச் செடிகள் பிழைக்கும். நிழலே விழவில்லை என்றால் எதுவும் வளராது. கொஞ்ச மாதம் சாகாமல் இருக்கும், அவ்வளவே. அந்த மூலைக்கு விளக்கு வாங்குங்கள்.

இருட்டு வீட்டுக்குச் சொல்கிற மற்றச் செடிகளில் மணி பிளாண்ட்டைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மலிவு, பக்கத்து வீட்டில் ஒரு துண்டு கேட்டாலே போதும். வெளிச்சம் குறைந்தால் இலை சிறுத்து, கொடி மட்டும் நூல் மாதிரி நீளும். பலரும் அதைத் தண்ணீர் போத்தலில் வளர்க்கிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மட்டும் தீராது, போத்தலின் உள்பக்கத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து கொசுப்புழுவைப் பார்த்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டு மலேசியச் சட்டப்படி அபராதம் உண்டு. பூச்சாடித் தட்டுக்கும் இதே கதைதான்.

ஸ்நேக் பிளாண்ட்டை நான் அதிகம் வளர்த்ததில்லை. வளர்த்தவரை, சாகவில்லை, வளரவும் இல்லை. பீஸ் லில்லி வைத்ததே இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இருட்டு வீட்டில் செடியைக் கொல்வது இருட்டு இல்லை, தண்ணீர். வெளிச்சம் குறைந்தால் செடி குறைவாகக் குடிக்கும். நம் ஊர்க் காற்றிலோ எப்போதும் ஈரம். நர்சரியில் தருகிற கலவையில் தேங்காய் நார்த்தூள் நிறைய இருக்கும். அது பஞ்சு மாதிரி நீரைப் பிடித்துக்கொள்ளும். மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும், விரலை இரண்டு கணு உள்ளே விட்டால் சில்லென்று இருக்கும். இணையத்தில் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதியவை. அங்கே ஹீட்டர் ஓடுகிற அறையில் காற்று வறண்டு கிடக்கும். வறட்சியைத் தாங்குகிற செடி அங்கே வெல்கிறது. இங்கே வெல்ல வேண்டியது ஈரத்தைத் தாங்குகிற செடி.

ஸீஸீ கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மழையில்லாத மாதங்களைக் கடத்துவதற்காக மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போலக் கிழங்கு வைத்து நீரைச் சேமிக்கிறது. அந்தக் கிழங்குதான் அதன் பலம், இங்கே அதுவே வினை. அழுக ஆரம்பித்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. இலை வாரக்கணக்கில் மெழுகு பூசினாற்போல் பளபளவென்றே இருக்கும். ஒருநாள் ஒரு தண்டு அடியில் மஞ்சளாகி லேசாகச் சாயும். பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். கிழங்கைத் தொட்டால் பழுப்பாகக் குழைந்து, அழுகிய உருளைக்கிழங்கு நாற்றம். எங்கள் வீட்டில் அம்மா காலையில் சாமி கும்பிட்டுவிட்டு, துளசிக்கு ஊற்றிய கையோடு எல்லாச் சாடிக்கும் ஊற்றிக்கொண்டே வருவார். "ஒரு சொம்புதாண்டா, பாவம், அதுவும் உயிர்தானே" என்பார். அவரிடம் போய் இதற்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும் என்றால் நடக்குமா?

அக்லோனிமாவின் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான். தென்கிழக்காசியக் காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில், வெயிலில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்கு மட்டும் இறங்குகிற தரையில் வளர்கிற இனம். தீபகற்ப மலேசியக் காடுகளிலும் உண்டு. ஈரக்காற்று அதற்குப் பழக்கம். அதன் சில வகைகளை வெறும் தண்ணீரிலேயே வைத்து வளர்க்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சாடியில் தண்ணீர் தேங்க விடலாம் என்று பொருளில்லை, வேர் அதற்கும் அழுகும். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடும். அடியிலை ஒன்றிரண்டு மஞ்சளாகும். அப்போது நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் போதவில்லை என்றால் இலை தொங்கும், ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். மோசமாகிப் போனாலும் நுனியை ஒரு சாண் வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். ஸீஸீயிலும் இலையைக் குத்தி வைத்துக் கன்று எடுக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அக்லோனிமாவிடம் எனக்குப் பிடிக்காதது மாவுப்பூச்சி. காற்று அசையாத மூலையில் இலைக்காம்பும் தண்டும் சேருகிற இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் வரும். பழைய பல்துலக்கியில் சவர்க்கார நீர் தொட்டுத் தேய்த்துவிடுகிறேன், திரும்ப வருகிறது, திரும்பத் தேய்க்கிறேன். ஸீஸீக்கு இந்தத் தொல்லை எங்கள் வீட்டில் வரவில்லை. ஏர்கோன் நேராக முகத்தில் அடிக்கிற இடமும் அக்லோனிமாவுக்கு ஆகாது, இலை நுனி கருகும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் கண்ணைப் பறிப்பது சிவப்பு, இளஞ்சிவப்பு அக்லோனிமாதான். இருட்டு வீட்டுக்கு அதை எடுக்காதீர்கள். இலையில் பச்சை குறைந்தால் ஒளியைப் பிடிக்கிற இடமும் குறைவு. மங்கலில் புதிய இலைகள் சிவப்பு வெளுத்துப் பச்சையாகத்தான் வரும், விலை கொடுத்தது வீண். கரும்பச்சையில் வெள்ளி தெளித்த பழைய வகைகள் போதும், விலையும் குறைவு. வந்ததும் கலவையில் கருகிய உமி மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, ஓட்டை உள்ள சாடிக்கு மாற்றுங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சொன்னால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். நாசா 1989இல் செய்த ஆய்வு அடைத்த சிறு அறைக்குள் நடந்தது. சாதாரண வீட்டில் காற்றோட்டமே செய்கிற அளவுக்குச் செடிகள் சுத்தம் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் வந்த ஓர் அலசல் கணக்குப் போட்டது.

குழந்தையோ பூனையோ இலையைக் கடிக்கிற வீடென்றால் இரண்டையும் உயரத்தில் வையுங்கள். இரண்டிலும் வாயை அரித்து எரிய வைக்கிற ஊசிப்படிகங்கள் உண்டு. சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வீட்டைத் திறக்கிறேன் என்பவர்களுக்கு மட்டும் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். அவர்கள் யோசிக்காமல் ஸீஸீயே வாங்கலாம்.