செம்மண் மைதானத்துக்கு அலுமினிய ஸ்டார்ட்டிங் பிளாக்: வாங்கலாமா?

1910-களில் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த ஏ.ஏ.ஏ. (இங்கிலாந்தின் அமெச்சூர் தடகளச் சங்கம்) சாம்பியன்ஷிப்பில் 100 கஜம் (91.44 மீட்டர்) ஓடியவர்கள், கரிச்சாம்பல் தடத்தில் கரண்டியால் குழி தோண்டித்தான் கால் வைத்தார்கள். ஓட்டம் தொடங்கும்போது கால் ஊன்றி உதைக்க உதவும் ஸ்டார்ட்டிங் பிளாக் ஒலிம்பிக்குக்கு வந்ததே 1948-இல்.

நாகர்கோவில் விளையாட்டுக் கடைகளில் கிடைக்கும் அலுமினிய பிளாக்கில் சட்டகம் உறுதி, பாதம் பதிக்கும் பெடலின் ரப்பரும் நல்ல பிடிப்பு. சொதப்புவது ஆணி. கூடவே வரும் குட்டை முள் சிந்தெடிக் தடத்துக்கானது. குமரி மாவட்டப் பள்ளி மைதானச் செம்மண்ணில் ஓங்கி உதைத்தால் பிளாக் பின்னால் நகர்ந்துவிடும். ஹார்டுவேர் கடையில் ஆறங்குல ஆணி வாங்குங்கள். தலை தொடக்கக் கோட்டுப் பக்கமும் நுனி பின்பக்கமும் இருக்கும்படி சாய்த்து அடிக்க வேண்டும். முன் ஆணியில் கஞ்சத்தனம் கூடாது: உதைக்கும்போது சட்டகத்தின் முன்முனைதான் மேலே எழும்பும்.

முன் பெடல் கோட்டிலிருந்து இரண்டு பாத நீளம், பின் பெடல் மூன்று. அங்கிருந்து ஆளுக்கேற்ப மாற்றலாம்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி (வடகிழக்குப் பருவமழை) என இரண்டு மழையும் கொட்டும் ஊர் இது. மண் சேறானால் எந்த ஆணியும் நிற்காது. கடலோர மைதானம் என்றால் போல்ட்டுக்கு கிரீஸ் தடவுங்கள், இல்லையேல் உப்புக்காற்றில் துருவேறி பெடல் நகராது.

பள்ளிக்கு வாங்கலாம். ஒரே ஒரு பையனுக்கென்றால் அந்தப் பணத்தில் நல்ல ஸ்பைக்ஸ் (முள் வைத்த ஓட்டக் காலணி) வாங்கிக்கொடுங்கள்.