மரக்கரியும் ப்ரிக்கெட்டும்: 13 மணி நேரத் தணலுக்கு நான் கண்ட அடுக்கு

கரித்தணலில் மணிக்கணக்கில் இறைச்சியை வேகவைக்கும் நீண்ட வேக்காட்டில் நெருப்பைக் கெடுப்பது பெரும்பாலும் சாம்பல்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை கரி போதவில்லை, காற்று போதவில்லை, இல்லை காற்று அதிகம் என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் இருப்பது 47 சென்டிமீட்டர் விட்டமுள்ள நெட்டை ஸ்மோக்கர், அதாவது இறைச்சியை மெதுவான சூட்டிலும் புகையிலும் வேகவைக்கும் மூடிய அடுப்பு. கீழே கரி வளையம், நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேல் இரண்டு கம்பித் தட்டுகள். அடியில் மூன்று காற்றுத் துவாரங்கள், மூடியில் ஒன்று. நான்கு வருடமாக மாதத்துக்கு ஒரு தடவையாவது பற்றவைக்கிறேன். மாட்டு நெஞ்சுக்கறி, பன்றித் தோள் போன்ற 10 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் பெரிய துண்டுகள்தான் அதிகம். இந்த வேலைக்குச் சூடு 107 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். நான் 115-ஐ ஒட்டிப் பிடிக்கிறேன்.

முதல் வருடம் முழுக்க மரக்கரி மட்டும். மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு எடுத்த கரி, வேறெதுவும் சேராதது. சீக்கிரம் பிடிக்கும், சூடு அதிகம், சாம்பல் குறைவு. துவாரத்தைக் கொஞ்சம் திறந்தால் உடனே ஏறும், மூடினால் இறங்கும். நல்ல மரக்கரியைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று சத்தம் வரும். சரியாகச் சுடாத துண்டு கனமாக, பழுப்பேறி இருக்கும், தட்டினால் மரக்கட்டைச் சத்தம்தான். அது நெருப்பில் விழுந்தால் வெள்ளைப் புகை கக்கும். இன்றும் ஒவ்வொரு மூட்டையிலும் இப்படி நாலைந்து துண்டுகளைப் பொறுக்கி ஒதுக்குகிறேன்.

மரக்கரியின் குறை அதன் அளவு. ஒரே மூட்டையில் முழங்கை நீளத் துண்டும் இருக்கும், புளியங்கொட்டை அளவு நொறுங்கலும் இருக்கும். ஒரு மூட்டையில் கால்வாசி வெறும் தூளாகவே இருந்ததால் பாதி வேக்காட்டில் கரி தீர்ந்துபோன கதையும் உண்டு. ஆனால் அதைவிட நன்றாக நினைவிருப்பது ஒரு இரவு. ஆறாவது மணி நேரத்தில் 115-இல் இருந்த சூடு அரை மணி நேரத்தில் 80-க்கு வந்துவிட்டது. பக்கக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு குழி, முழுக்க எரிந்து தீர்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பெரிய கரித்துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து பாலம் போல நின்றன, ஒன்றில் கூட நெருப்பு ஏறவில்லை. கரி இல்லாமல் இல்லை. நெருப்பு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவ வழியில்லாமல் அணைந்திருக்கிறது.

அப்புறம் ப்ரிக்கெட்டுக்கு மாறினேன். கரித்தூளை ஸ்டார்ச் போட்டுப் பிசைந்து அச்சில் அழுத்திய கட்டிகள். சில வகைகளில் நிலக்கரி, சுண்ணாம்புக்கல், போராக்ஸ் எல்லாம் சேர்ப்பார்கள். 1897-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வொர்த் ஸ்வோயர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1920களில் ஹென்றி ஃபோர்டு தன் கார் ஆலையில் மிஞ்சிய மரக்கழிவை ப்ரிக்கெட்டாக்கி விற்க ஆரம்பித்த பிறகுதான் இது வீடுகளுக்குப் பரவியது. வீணாகிற தூளுக்கும் கழிவுக்கும் ஒரு வழி பண்ணப் பிறந்த பொருள் என்பதால் இதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ப்ரிக்கெட் நின்று எரியும். எல்லாம் ஒரே அளவு, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடப்பதால் நெருப்பு நிதானமாக நகரும். முதல் தடவையே துவாரத்தைத் தொடாமல் ஏழு மணி நேரம் 115 நின்றது. இனி கவலையில்லை என்று நினைத்தேன். எட்டாவது மணியில் சூடு மெல்ல இறங்க ஆரம்பித்தது. துவாரம் மூன்றையும் முழுக்கத் திறந்தும் ஏறவில்லை. உள்ளே பார்த்தால் பாதிக் கரி இன்னும் கருப்பாகவே இருந்தது, ஆனால் அடித்தட்டின் கம்பி இடைவெளி எல்லாம் சாம்பல் அடைத்துக் கிடந்தது. நீறு பூத்த நெருப்பு என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கம்பியால் கிளறினேன். தணல் உயிர்பெற்றது, கூடவே சாம்பல் பறந்து இறைச்சி மேல் படிந்தது.

ஐரோப்பியத் தர விதியான ஈஎன் 1860-2-ஐப் பார்த்தால் இந்த வேறுபாடு எண்ணிலேயே தெரியும். மரக்கரியில் சாம்பல் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ப்ரிக்கெட்டில் 18 சதவீதம் வரை விடலாம். 6 கிலோ கரிக்கு இதைக் கணக்குப் போட்டால் அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஒரு கிலோ சாம்பல் தணலுக்கும் காற்றுக்கும் நடுவில்தான் போய் உட்கார்கிறது.

சரி, இரண்டையும் கலந்தால் என்ன? எடுத்த எடுப்பில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பாதிக்குப் பாதி ஒரு வாளியில் கொட்டிப் புரட்டி வளையத்தில் போட்டேன். மூன்று தடவை முயன்றும் மூன்றும் சரிவரவில்லை. மரக்கரி முந்திக்கொண்டு குப்பென்று பற்றும், சூடு 140-க்கு ஏறும். அதை அடக்கத் துவாரத்தை மூடினால், அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்த ப்ரிக்கெட் மூச்சுமுட்டிப் புகையும். நாலு மணி நேரம் கழித்து மரக்கரி தீர்ந்துபோய், பழையபடி ப்ரிக்கெட்டும் சாம்பலும் மட்டும் மிஞ்சும். இரண்டின் நல்ல குணமும் வரும் என்று நினைத்த இடத்தில் இரண்டின் குறையும் சேர்ந்து வந்தது. இரண்டையும் எந்த அளவில் சேர்க்கிறோம் என்பதைவிட எதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் காரியம்.

இப்போது இரண்டரை வருடமாக நான் மாற்றாமல் வைத்திருக்கும் அடுக்கைச் சொல்கிறேன். கன அளவில் ப்ரிக்கெட் இரண்டு பங்கு, மரக்கரி ஒரு பங்கு, மொத்தம் சுமார் 6 கிலோ. மரக்கரியைக் கொட்டுவதில்லை. கை முஷ்டி அளவுத் துண்டுகளாகத் தேர்ந்தெடுத்து, அடிக்கம்பித் தட்டின் மேல் ஒவ்வொன்றாக வைக்கிறேன், இரண்டு துண்டுக்கு நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி விட்டு. அதன் மேல் ப்ரிக்கெட் முழுவதும். பிறகு மிச்சமுள்ள சின்ன மரக்கரித் துண்டுகளில் ப்ரிக்கெட் அளவில் இருப்பவற்றை மட்டும் மேல்வரிசையின் சந்துகளில் செருகுகிறேன். அதற்கும் சின்னதாக உள்ள நொறுங்கலைச் சிம்னி, அதாவது கரியைத் தனியாகப் பற்றவைக்கும் இரும்புக் குழாய், பற்றவைக்க ஒதுக்கிவிடுவேன். நடுவில் ஒரு பள்ளம் பறித்து, சிம்னியில் 15 ப்ரிக்கெட்டைச் சாம்பல் பூக்கும் வரை பற்றவைத்து அதில் வைக்கிறேன். பற்றாத கரி மேல் கொஞ்சம் பற்றிய கரியை வைத்து மெதுவாகப் பரவவிடும் இந்த ஏற்பாட்டுக்கு, போட்டிகளில் சமைத்த ஜிம் மினியன் பெயரால் மினியன் முறை என்று பெயர். அதில் நான் சேர்த்தது அந்த அடிவரிசை மட்டும்தான்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், நெருப்பு மேலிருந்து கீழும் பக்கவாட்டிலும் நகர்கிறது. முதல் ஏழெட்டு மணி நேரம் ப்ரிக்கெட்டின் நிதானத்தில் ஓடும். அதற்குள் மேலே சேர்ந்த சாம்பல், அடியில் இருக்கும் பெரிய துண்டுகளின் சந்து வழியாகக் கீழ்க் கிண்ணத்துக்கு இறங்கிவிடுகிறது, காற்றுவழி அடைபடுவதில்லை. ப்ரிக்கெட் மட்டும் போட்டபோது சூடு தளர்ந்த அதே நேரத்தில் நெருப்பு இப்போது மரக்கரியைத் தொடுகிறது, புதுத் தணல் கணகணவென்று கிளம்புகிறது. ஒன்பதாவது மணியில் சூடு தானாகவே நாலைந்து டிகிரி ஏறும். ஒரு துவாரத்தைப் பாதி மூடுவேன், அவ்வளவுதான். காற்றடிக்காத இரவுகளில் 13 மணி நேரம் வரை வந்திருக்கிறது. பலத்த காற்றென்றால் 10-க்கு மேல் எதிர்பார்க்க மாட்டேன்.

இறைச்சியின் உட்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் வந்து மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும் ஒரு கட்டம் உண்டு. மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வருவது, நமக்கு வேர்த்து உடம்பு குளிர்வது போல. புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில் பதறிப்போய் துவாரம் எல்லாவற்றையும் திறந்து கரியைத் தீர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து காத்திருங்கள். சீக்கிரம் முடிக்க வேண்டுமானால் இறைச்சியைக் காகிதத்திலோ ஃபாயிலிலோ சுற்றிவிட்டுச் சூட்டை 130-க்கு ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு மரக்கரி நாலைந்து துண்டு போதும், பாதி வேக்காட்டில் கூடுதலாகப் போடுவதற்கு எப்போதும் மரக்கரிதான். அடுக்கில் ப்ரிக்கெட் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றுவது வேறு; பற்றாத ப்ரிக்கெட்டைப் பாதி வேக்காட்டில் மொத்தமாகத் தணல் மேல் போட்டால், அது பிடிக்கும் வரை வரும் நெடி இறைச்சியில் ஏறிவிடும். அப்படி ஒரு பன்றித் தோளை நான் கெடுத்திருக்கிறேன், மேல்தோலில் கசப்பு நின்றது. திரவம் ஊறவைத்து உடனே பற்றும்படி செய்த ப்ரிக்கெட்டை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். மினியன் முறையில் கரி கடைசிவரை புதிது புதிதாகப் பற்றிக்கொண்டே இருக்கும், அந்த வாடையும் கூடவே வரும்.

ருசியில் வித்தியாசம் உண்டா என்று கேட்டால், சுத்தமாக எரியும்போது எனக்குத் தெரியவில்லை. நன்கு சுட்ட கரியில் வாசனை தரும் பொருள் ஏற்கெனவே போய்விட்டது. மணம் தருவது கரிக்குள் புதைத்து வைக்கும் மரக்கட்டைகள்தான். முஷ்டி அளவில் நாலு கட்டை, நடுவிலிருந்து வெவ்வேறு தூரத்தில் வைத்தால் ஒன்று முடியும்போது அடுத்தது பிடிக்கும். மூடியிலிருந்து மெல்லிய நீலப்புகை வரும் வரை இறைச்சியை உள்ளே வைப்பதில்லை. கெட்டியான வெள்ளைப் புகை வந்தால் எந்தக் கரியானாலும் கசப்புதான்.

இந்த அடுக்கு எல்லா அடுப்புக்கும் பொருந்தாது. களிமண் வகைக் கமாடோ அடுப்புகளில் ப்ரிக்கெட்டே வேண்டாம். அவற்றின் காற்றுவழி குறுகல், சாம்பல் சீக்கிரம் அடைத்துவிடும், மரக்கரி மட்டுமே போதும். வட்டக் கெட்டில் அடுப்பில் ஓரமாகப் பாம்பு போல வரிசை கட்டுபவர்களுக்கு நேர் எதிர், ஒரே அளவான ப்ரிக்கெட் இல்லாமல் அந்த வரிசை நிற்காது. இரண்டு வகையையும் வாங்கிச் சேர்த்து வைக்க இடமும் வேண்டும். ப்ரிக்கெட் ஈரம் குடித்தால் உதிர்ந்துவிடும் என்பதால் மூடியுள்ள டப்பாவில்தான் வைக்க வேண்டும். அடிவரிசையைக் கையால் அடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது.

இன்னொன்று, எந்தக் கரியானாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழை வந்துவிட்டது என்று அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் தள்ளுவது உயிருக்கு ஆபத்து, ஒரு கதவு திறந்திருந்தாலும் சரி.

வேலை முடிந்ததும் மேலும் கீழும் எல்லாத் துவாரத்தையும் மூடிவிடுவேன். மறுநாள் மாலையில் திறக்கும்போது கூட ஒருமுறை அடிச்சாம்பலுக்குள் விரல் வைக்க முடியாத சூடு இருந்தது, அதனால் சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளிக்குத்தான் போகும். பாதி எரிந்த ப்ரிக்கெட் தொட்டாலே பொடியும், அதையும் வாளியில் போட்டுவிடுவேன். மரக்கரி அப்படியில்லை. சாம்பலை உதறி ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பேன், கணீர் என்ற சத்தம் அப்படியே இருக்கும். அவற்றை ஒரு தனி டப்பாவில் சேர்த்து வைக்கிறேன், அடுத்த தடவை அடிவரிசையில் முதலில் வைப்பது அவற்றைத்தான்.