ஹியர்சே 'பாப்ஸ்டார்ஸ்' சிடி: முத பாட்டுக்கு குடுத்த காசு செரி, மத்ததுக்கு?

செகண்ட் ஹேண்ட் சிடி, 80 ரூபா, சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கினது. டப்பா மூடி விரிசல், உள்ள புக்லெட்டே இல்ல, "ஓடுமுங்களாண்ணா"ன்னு கேட்டா "ஓடலைன்னா கொண்டாங்க தம்பி, வேற எடுத்துக்கலாம்"னாரு கடைக்காரர். ஓடுது, எங்கயும் திக்கல.

ஹியர்சேங்கிற இந்த குரூப் தெரியாதவங்களுக்கு, நம்ம ஊர்ல சூப்பர் சிங்கர் வர்றதுக்கு எல்லாம் முன்னாடி, 2001ல பிரிட்டன்ல ஐடிவி சேனல்காரங்க ஆடிஷன் வெச்சு அஞ்சு பேர பொறுக்கி எடுத்த குரூப் இது. கிம் மார்ஷ், மைலீன் கிளாஸ், சூசன் ஷா, நோயல் சல்லிவன், டேனி ஃபாஸ்டர். வாரா வாரம் டிவில அழுக, சிரிப்புன்னு பாத்து பழகின ஜனம் முத பாட்டு வந்ததும் அள்ளிருச்சு, 'ப்யூர் அண்ட் சிம்பிள்' முத வாரத்துலயே 5 லட்சத்து 49 ஆயிரத்துக்கு மேல வித்துச்சு, ஆல்பமும் நம்பர் ஒன். இதுல கூத்து என்னன்னா அந்த பாட்டு இவங்களுக்குன்னு போட்டதே இல்ல, கேர்ள் திங்னு இன்னொரு குரூப் ஏற்கனவே பாடி வெச்சது, பாவம் அந்த பொண்ணுங்களும் சீக்கிரமே காணாம போயிட்டாங்க.

ஏற்காடு ரோட்டுல கார்ல போட்டு கேட்டேன். முத பாட்டு நெசமாவே நல்லாருக்கு, கோரஸ் வர்றப்ப அஞ்சு குரலும் சேந்து ஏறுது பாருங்க, அங்க மட்டும் வால்யூம் ஏத்துனேன். அப்பறம் வர்றதெல்லாம் டிவி சூடு ஆறுறதுக்குள்ள கடைக்கு அனுப்பணும்னு அவசரத்துல செஞ்ச மாதிரியே இருக்கு, எந்த குரல் யாருதுன்னே தெரியல, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டறதுக்குள்ள கூட வந்தவன் "இளையராஜா போடுடா"ன்னுட்டான். சைமன் அண்ட் கார்ஃபங்கல் பாடின பழைய ஹிட்டு 'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்டு வாட்டர்' பாட்டையும் தொட்டிருக்காங்க, தொட்டிருக்க வேணாம்.

அதே வருஷம் ரெண்டாவது ஆல்பம் வந்துச்சு, டாப் 20க்குள்ளயே வரல. 2002 ஜனவரில கிம் வெளிய போயிட்டாங்க. அந்த எடத்துக்கு ஜானி ஷென்டால்னு ஒருத்தர் வந்தாரு, அவரு ஏற்கனவே இவங்க கூட ஆடினவர்னு தெரிஞ்சதும் அந்த எடத்துக்கு வெச்ச ஆடிஷனே செட்டப்புன்னு ஒரே சத்தம், அக்டோபர்ல குரூப்பே க்ளோஸ். ஆனா அதே ஷோல கடைசி ரவுண்டுல கழிச்சு விட்ட அஞ்சு பேரு லிபர்ட்டி எக்ஸ்னு சேந்து 2002 மே மாசம் 'ஜஸ்ட் எ லிட்டில்'னு நம்பர் ஒன் குடுத்தாங்க, அத கேட்டுட்டு இந்த சிடிய கேட்டா ஜட்ஜுங்க மேல தான் கோவம் வருது.

சிடிக்கு 5க்கு 2, அதுவும் முத பாட்டால. கடைக்கு 4, ஏன்னா கேட்டு பாக்க ஒரு பழைய பிளேயர் வெச்சிருக்காங்க. 50 ரூபாய்க்கு பேசி பாருங்க, புக்லெட் இல்லன்னு சொன்னா கொறப்பாரு, எனக்கு அது வீட்டுக்கு வந்து தான் தெரிஞ்சுச்சு.