பெயரில்லாத பழுதுபார்ப்புக் கடை: ஒரு தொழில்நுட்பச் செய்தியாளரின் மதிப்புரை

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு குறுகிய சந்தில் இருக்கும் அந்தக் கடையின் பலகையில் ‘செல்போன் சர்வீஸ்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொழில்நுட்பம் பற்றி எழுதிப் பிழைக்கும் நான், சென்னையை விட்டு ஊர் திரும்பிய பிறகு தொழிலில் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

மதிப்புரைக்காக நிறுவனங்கள் அனுப்பும் கைப்பேசி எங்களிடம் பெரும்பாலும் இரண்டு வாரம் இருக்கும். பிறகு கூரியரில் திரும்பிவிடும். திரையையும் கேமராவையும் அதற்குள் எடைபோட்டுவிடலாம். ஆனால் லித்தியம் அயனி பேட்டரி எப்படி மூப்படைகிறது என்பது ஈராண்டு கழித்தே தெரியும் என்பதால், அதைப் பற்றி நாங்கள் எழுதுவதெல்லாம் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைத் திருப்பிச் சொல்வதாகவே முடிகிறது.

சித்திரை வெயிலில் என் சொந்தக் கைப்பேசியின் பின்மூடி சற்றே எழும்பியிருந்தது. நான் விரலால் அழுத்திக் காட்டியதும், “அண்ணே, அமுக்காதீங்க, பேட்டரி உப்பியிருக்கு” என்று கடைக்காரர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். உள்ளே உள்ள மின்பகுபொருள், அதாவது அயனிகளைக் கடத்தும் திரவம், சிதைந்து வாயுவாகி உறைக்குள் தேங்குவதால் இந்த உப்பல் வருகிறது. வெப்பமும், எந்நேரமும் முழு சார்ஜிலேயே வைத்திருக்கும் பழக்கமும் பேட்டரியின் மூப்பை விரைவுபடுத்துகின்றன. அவர் சூடுகாட்டிப் பசையை இளக்கி, உலோகக் கருவி எதுவும் படாமல் பிளாஸ்டிக் அட்டையாலேயே பேட்டரியைப் பெயர்த்தார். புதியதைப் பொருத்தியபின் சார்ஜ் ஏறும் அளவை மீட்டரில் பார்த்த பிறகே மூடியை ஒட்டினார். 1,400 ரூபாய் வாங்கினார். ஓராண்டாகியும் குறையில்லை.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இதே ஊரில்தான் இருக்கிறது. பேட்டரிக்குள் நடக்கும் வேதியியலை அறிய அங்கே ஆளுண்டு. அந்த வேதியியல் ஒரு குடும்பத்தின் கைப்பேசியை என்ன பாடு படுத்துகிறது என்று அறிய இந்த மேசைக்கு வரவேண்டியிருக்கிறது.

ஒருநாள், சிங்கப்பூரிலிருந்து பேரன் வாங்கிவந்த கைப்பேசி சார்ஜ் ஏறவில்லை என்று ஓர் ஆச்சி வந்தார். “ஆச்சி, சார்ஜர் நல்லாத்தான் இருக்கு, ஓட்டையில தூசி அடைச்சிருக்கு” என்று கடைக்காரர் மெல்லிய குச்சியால் எடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். வேக சார்ஜிங் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் நான், இந்தத் தூசியைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தியாளர் வால்ட் மாஸ்பெர்க் 1991இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் தம் பத்தியைத் தொடங்கியபோது, கணினி கடினமாக இருப்பது பயன்படுத்துபவரின் குற்றமன்று என்றுதான் ஆரம்பித்தார். பத்தி எதுவும் எழுதாமலே அந்த நிலைப்பாட்டைக் கடைப்பிடிப்பவர் இந்தக் கடைக்காரர்.

கடையில் எனக்கு உவப்பில்லாத வழக்கம் ஒன்று உண்டு. திரைப்பூட்டின் எண்ணைக் கேட்டு, ஒட்டுத்தாளில் எழுதிக் கைப்பேசியின் முதுகிலேயே ஒட்டிவைக்கிறார். செய்தி தருபவர்களின் பெயரும் உரையாடலும் அடங்கிய கருவியை அப்படி விட்டுவர எந்தச் செய்தியாளருக்கும் மனம் துணியாது. சாம்சங் 2022இல் கொண்டுவந்த பராமரிப்பு நிலையும், கூகுள் பிக்சலில் 2023 டிசம்பரில் வந்த பழுதுபார்ப்பு நிலையும் சொந்தத் தரவை மறைத்துவிட்டுக் கருவியைச் சோதிக்க வழிசெய்கின்றன. அவ்வசதி இல்லாதவர்கள் தரவை நகலெடுத்துக்கொண்டு, கருவியில் உள்ளதை முழுவதும் அழித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. இதைச் சொன்னபோது கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, எழுதுவதையும் நிறுத்தவில்லை.

ரசீது கிடையாது. ‘நாளைக்கு’ என்றால் மூன்று நாள் என்று கொள்ளவும். வெளிநாட்டு உறவினர்கள் வந்திறங்கும் முகூர்த்த மாதங்களில் அந்த மூன்றும் ஆறாகும்; மற்ற நாட்களில் காலை பதினொரு மணிக்குமுன் போனால் உட்கார ஸ்டூல் கிடைக்கும்.